அரளி வேலி

பிப்ரவரி 8, சனி

குழாயில் தண்ணீர் வந்து இரண்டு வாரம் ஆகப்போகிறது. தொட்டியில் இருந்த ரோஜா குச்சியாகிவிட்டது. மம்மி ஆசைப்பட்டு வைத்த குரோட்டன்ஸ் இலையெல்லாம் உதிர்த்து நிற்கிறது. அரளி மட்டும் ஒன்றும் நடக்காதது போலப் பச்சையாக இருக்கிறது. பூ வேறு.

மூன்று வருடத்துக்கு முன்பு ஊரிகம் ஸ்டேஷன் வேலியோரம் ஒடித்து வந்த குச்சிகள். பாட்டில் தண்ணீரில் வேர்விட வைத்து, பக்கச்சுவர் நெடுகக் கை நீளத்துக்கு ஒன்றாக நட்டேன். முதல் கோடையில் பாத்திரம் கழுவிய தண்ணீர் ஊற்றினேன். அதன் பிறகு அதுவும் இல்லை. நுனியைக் கிள்ளக் கிள்ள அடியிலிருந்து கிளைத்து, இப்போது என் தலைக்கு மேல் நிற்கிறது.

கேட்பவர்களிடம் சயனைட் மேட்டுத் தூசிக்காக வைத்தேன் என்று சொல்கிறேன். பொய் இல்லை. காற்று எழுந்தால், சுரங்கத்தில் தங்கம் பிரித்த பின் மலையாகக் கொட்டிவிட்டுப் போன அந்தச் சாம்பல் மண் சோற்றுத் தட்டு வரை வருகிறது. வேலி பாதியைத் தடுக்கிறது. ஆனால் முழு உண்மை வேறு. சுரங்கத் தொழிலாளிகளுக்குச் சுவரோடு சுவராக வரிசையில் கட்டிய லைன் வீட்டில் பிறந்து வளர்ந்தவளுக்கு ஓர் ஆசை. தலை துவட்டும்போது, துணி உலர்த்தும்போது, வாசற்படியில் உட்கார்ந்து ஏதாவது படிக்கும்போது, "இன்னா எலைன், இன்னிக்கு லீவா?" என்று யாரும் கேட்காத ஒரு பத்தடி இடம் வேண்டும்.

மம்மிக்குப் பிடிக்கவில்லை. "செவுரு எழுப்பிக்கினு உள்ள குந்திக்கிற. நாம செத்தாகூட நாத்தம் வந்தாதான் தெரியும்" என்கிறாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

சர்ச்சிலிருந்து வந்ததும் வேலியைக் கத்தரித்தேன். கையுறை போட்டுக்கொண்டுதான். இலை, தண்டு, பூ எல்லாமே விஷம் என்று நடும்போதே படித்தது. மம்மியைக் கிட்டே வர விடவில்லை.

வெட்டியதை அள்ளக் கோணி தேடினேன். ஒன்றுகூட இல்லை. பின்சந்தில் சுவரோரமாகக் குவித்திருக்கிறேன். காலையில் குப்பை வண்டி எடுத்துவிடும்.

கத்தரித்த வேலி அழகாக இருக்கிறது. மாலை முழுவதும் அதன் நிழலில் படித்தேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

வண்டி வரவில்லை. இலையெல்லாம் வெயிலில் துவண்டு கிடக்கிறது. பெங்களூரிலிருந்து திரும்பும் ரயில் இன்றும் தாமதம், நின்றுகொண்டே வந்தேன். நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பாக்கியவதி அக்காவின் ஆடு செத்துவிட்டது. சினையாடு.

விடியும் முன்னே ரயிலுக்குக் கிளம்பினேன். பின்வீட்டில் அக்காவின் சத்தம். போய்ப் பார்த்தால் கொட்டகையில் ஆடு பக்கவாட்டில் விழுந்து காலை உதறிக்கொண்டிருந்தது. வாயில் நுரை. அக்கா அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். அவளிடம் தைக்கக் கொடுத்த யாருடைய பிளவுஸோ தோளில் கிடந்தது, அதனால் நுரையைத் துடைத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது.

ஆட்டோ ஓட்டும் மனோகர் அண்ணன்தான் முதலில் சொன்னது. "மேட்டுப் பக்கம் போயிருக்கும்க்கா. அந்த உப்பு மண்ண நக்கியிருக்கும்." உடனே எல்லோரும் தலையாட்டினார்கள். இந்த ஊரில் ஆடோ மாடோ செத்தால் வேறு காரணம் யாருக்கும் தோன்றுவதில்லை. டாக்டரைக் கூப்பிடலாமா என்று ஒருவர் கேட்டார். "சைனேட்டுக்கு டாக்டர் இன்னா பண்ணுவாரு?" என்று இன்னொருவர் முடித்துவிட்டார்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். சத்தியமாக. அழுதேன்கூட. பிறகு ஸ்டேஷனுக்குக் குறுக்கு வழியாகப் பின்சந்தில் நடந்தேன்.

குவியல் கலைந்து கிடந்தது. பாதிக் கிளைகளில் இலை இல்லை. கடித்த நுனிகள். பக்கத்தில் புழுக்கை.

மேலே எழுத வேண்டும். எழுதாவிட்டால் நான் அதைச் செய்யவில்லை என்று ஆகிவிடுமா?

வீட்டுக்குத் திரும்பினேன். துணி மூட்டைக்குப் போட்டிருந்த பழைய தலையணை உறைகளை உதறி, எல்லாக் கிளைகளையும் அவற்றில் திணித்துக் குளியலறைக்குப் பின்னால் விறகுச் சந்தில் ஒளித்துவைத்தேன். சந்தைப் பெருக்கினேன். ஞாயிற்றுக்கிழமை கோணி இல்லை என்று விட்டேனே — இன்றைக்கு மட்டும் தலையணை உறை எப்படிக் கண்ணில் பட்டது?

ஆபீஸுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன்.

பிப்ரவரி 19, புதன்

சொல்லவில்லை.

பிப்ரவரி 22, சனி

இன்று தெரிந்தது, பழி மேட்டோடு நிற்கவில்லை என்று.

பாக்கியக்காவின் ஆடுகளைத் தினமும் மேய்க்க ஓட்டிக்கொண்டு போவது அடுத்த லைன் தங்கவேலு மாமா. கூலிக்கு இல்லை. அத்தை போன பிறகு வீட்டில் உட்கார முடியவில்லை, அதனால் போகிறார். சுரங்கம் மூடும் வரை ஷாஃப்டில், ஆளையும் கல்லையும் ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டுக்கு பெல் அடித்தவர். ஆள் ஏறினால் ஒரு கணக்கு, கல் ஏறினால் ஒரு கணக்கு. தப்பினால் கேஜ் போகக்கூடாத இடத்துக்குப் போகும். "என் சர்வீஸ்ல ஒரு பெல் தப்பா அடிச்சதில்ல" என்பதை நான் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன்.

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். கீழே அக்கா வீட்டு வாசலில் அவர் நின்றிருந்தார்.

"மேட்டுப் பக்கம் நான் போவலம்மா. ஸ்டேஷன் பக்கம்தான் போனேன். போனவன் நான் சொல்றேன்."

"போவாம எப்பிடி மாமா செத்துச்சு? வானத்துலேர்ந்து வந்துச்சா விஷம்?"

"அதான் எனக்கும் தெரில."

"வயசாயிடிச்சி, மறந்துகினு கீறீங்க. நான் உங்களத் திட்டல. இனிமே நானே ஓட்டிக்கிறேன், நீங்க வூட்ல இருங்க."

திட்டியிருக்கலாம். அவர் கையிலிருந்த குச்சியை அக்கா மெதுவாக வாங்கிக் கதவுக்குப் பின்னால் வைத்தாள். துணியோடு நான் மேலேயே நின்றேன். கீழே இறங்கிப் போய் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். துணியை மடித்தேன். ஒவ்வொன்றாக, ஓரம் சேர்த்து மடித்தேன்.

மார்ச் 2, ஞாயிறு

திருவிருந்து ஞாயிறு. அப்பமும் ரசமும் வாங்க என் வரிசை எழுந்தபோது நான் எழவில்லை. மம்மி திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து, "ஒடம்புக்கு முடியலியா, மனசுக்கா?" என்றாள்.

"தலைவலி."

இந்த இரண்டு வாரத்தில் அரளி விஷம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். பச்சை இலையை ஆடு முகர்ந்துவிட்டு விலகும். வாடிய இலையில் அந்தக் கசப்பு எட்டாது, விஷம் மட்டும் அப்படியே இருக்கும். எத்தனை நன்றாக விளக்குகிறேன் பார். வேலி வைக்கும்போது இவ்வளவு படித்திருந்தால் போதுமே. அதற்கும் குறைவாக, ஒரு கோணி வாங்கி வைத்திருந்தால் போதுமே.

எனக்குப் பயம் எதில்? அக்கா கத்துவாள் என்றா? இல்லை. ஆட்டுக்கு ஈடு கேட்பாள் என்றா? அதுவும் இல்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதேனே, அந்த அழுகையை அவள் திரும்ப நினைத்துப் பார்ப்பாள். அதில்தான்.

மார்ச் 9, ஞாயிறு

மாமா இன்று எங்கள் வேலிக்கு வெளியே நின்று கூப்பிட்டார். உள்ளே இருப்பது தெரியாத மாதிரி இருந்துவிடலாம், அதற்குத்தானே வேலி. ஆனால் மம்மி கதவைத் திறந்துவிட்டாள்.

"பாப்பா, நீ காலையில ஸ்டேஷனுக்குப் போறவதான. ஆடு செத்ததுக்கு முந்தின நாளு என்னப் பாத்தியா அந்தப் பக்கம்?"

"அன்னிக்கு நான் ஆறு மணிக்கே ரயில் ஏறிட்டேன் மாமா."

"ஆமா இல்ல. நான் போறது ஒம்பதுக்கு மேல." வாசற்படியில் உட்கார்ந்தார். "ஸ்டேஷன் பக்கம் போனது நல்லா ஞாபகம் கீது. கல்லு பொட்டி ஓடுன பழைய தண்டவாளம் மேல ஒக்காந்து பீடி புடிச்சேன். ஆனா அது அன்னிக்கா, அதுக்கு முந்தின நாளான்னு கேட்டா... எல்லாரும் மேட்டுப் பக்கம்னு சொல்றாங்க. ஒருத்தன் ரெண்டு பேரு சொன்னா பொய்யிங்கலாம். லைனே சொல்லுது."

"அவங்க பாத்தாங்களா?" என்றேன். அவ்வளவுதான் வந்தது வாயில்.

"பாக்கல. ஆனா ஆடு செத்துச்சே."

டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு, சர்க்கரை போட்டிருக்கிறதா என்று மம்மியிடம் கேட்டார். தன் நாக்கையே நம்பவில்லை.

நான் ஒரு ஆட்டைக் கொன்றேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதோடு நிற்கவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

மாமாவின் மகள் மமதா பெங்களூரிலிருந்து வந்துவிட்டுப் போனாளாம். மம்மி சொன்னாள். அடுத்த சனிக்கிழமை வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போகப்போகிறாள். மூன்றாவது மாடி. பகலில் கதவைப் பூட்டிவிட்டு இருவரும் வேலைக்குப் போவார்கள். "தானா எங்கயாவது எறங்கிப் போயிட்டா தேட முடியாதுன்னு சொல்லுது. அதுவும் ஞாயம்தான" என்றாள் மம்மி.

"மாமா என்ன சொன்னார்?"

"அவரு இன்னா சொல்வாரு. 'நானே என்ன நம்பல, நீ சொல்றபடி வரேன்'னாராம்."



மார்ச் 20, வியாழன்

ரயிலில் ஒத்திகை பார்த்துக்கொண்டு போகிறேன். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்." அதற்கு மேல் எல்லா வாக்கியமும் என்னைக் காப்பாற்றும் வாக்கியமாகவே வருகிறது. குப்பை வண்டி வரவில்லை. கோணி இல்லை. தெரியாமல். எல்லாம் உண்மை, எல்லாம் சால்ஜாப்பு.

பங்காருப்பேட்டை தாண்டிப் பாறைக் கரட்டில் ஒரு புதர். இந்தக் கருகிய மாதத்தில் எண்ணெய் தடவியதுபோல் மின்னியது. விராலி. இத்தனை வருடம் இதே ஜன்னலில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே போயிருக்கிறேன்.

மார்ச் 22, சனி

சொல்லிவிட்டேன்.

மாமா வீட்டில் மமதா இரண்டு பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பாக்கியக்கா சமையல் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். மாமா சட்டை போட்டு, தலை வாரி, கட்டிலில் உட்கார்ந்திருந்தார், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர் மாதிரி.

வாசலில் நின்றபடியே சொன்னேன். "மாமா மேட்டுப் பக்கம் போகல. ஆடு எங்க வீட்டு அரளியத் தின்னுதான் செத்துச்சு. நான் வெட்டி சந்துல போட்டது."

யாரும் நம்பவில்லை. இதை நான் ஒத்திகை பார்த்திருக்கவில்லை.

மமதா எழுந்து வந்து என் கையைப் பிடித்தாள். "அப்பா மனசு நோவக்கூடாதுன்னு சொல்ற. தேங்க்ஸ் எலைன். ஆனா டாக்டர்கிட்ட காட்டித்தான ஆவணும்?"

அக்கா சிரித்தாள். "கோயில்ல கொத்துக் கொத்தா அரளி. ஸ்டேஷன் வேலி பூரா அரளி. தெனமும் அது பக்கத்துலதான் மேயுது. இத்தினி வருசம் சாவாத ஆடு உன் வூட்டு அரளிக்குச் சாவுமா? நீ ஒண்ணு."

"பச்சைய தொடாதுக்கா. வாடுனா தின்னுடும்."

"புக்குல படிச்சியா?"

ஒரு நிமிடம் — அப்படியே விட்டுவிடலாம் என்று தோன்றியது. சொல்லியாகிவிட்டது, அவர்கள்தான் நம்பவில்லை. இதையும் எழுதித்தான் ஆகவேண்டும்.

வீட்டுக்கு ஓடி விறகுச் சந்திலிருந்து தலையணை உறைகளை எடுத்து வந்தேன். முற்றத்தில் கொட்டினேன். காய்ந்த கிளைகள், மென்று துப்பிய நுனிகள், அவற்றோடு சேர்த்து நான் அள்ளிய புழுக்கை. பாக்கியக்கா குனிந்து ஒரு கிளையை எடுத்து, கடித்த இடத்தை விரலால் தடவினாள். ஆடு வளர்க்கிறவள். அதற்கு மேல் யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எப்ப அள்ன இத?"

"அன்னிக்கே. ஆடு செத்த அப்புறம்."

"என்கூட ஒக்காந்து அழுதுட்டுப் போயி?"

"ஆமாக்கா."

அவள் கத்தவில்லை. கிளையைக் கீழே போட்டாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பாதி சுற்றிய பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள்.

மாமாதான் கடைசியில் பேசினார். "அப்ப நான் போவல."

"போகல மாமா."

"ஸ்டேஷன் பக்கம்தான் போனேன்."

"ஆமா மாமா."

"பொட்டித் தண்டவாளத்துல ஒக்காந்து பீடி—"

"ஆமா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு சட்டைப் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தார். "மமதா, அந்தப் பைய பிரி." அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். "பிரிம்மா" என்றார்.

என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். கோபமாக இல்லை, புரியாமல் கேட்டார். "அன்னிக்கு உங்க வூட்டு வாசல்ல வந்து நின்னு கேட்டேனே பாப்பா?"

நான் குனிந்து, கொட்டியதையெல்லாம் திரும்ப உறைகளில் அள்ளினேன்.

மார்ச் 23, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை. வேலியை அடியோடு எடுத்தேன். வெட்டினால் தழைக்கும், அதனால் வேரைக் கடப்பாரையால் நெம்பி எடுத்தேன். எரிக்கக்கூடாது, புகையும் விஷம். எங்கள் சுற்றுச்சுவருக்குள்ளேயே ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தேன். மம்மி கேட்காமலேயே மண் தள்ளினாள்.

தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். விஷயம் தெரிந்துவிட்டது. யாரும் "இன்னா எலைன்" என்று கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

பாக்கியக்கா மம்மியிடம் பேசுகிறாள். மம்மியின் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக் கொடுத்தாள். என்னைக் கண்டால் தையல் மிஷின் பக்கம் திரும்பிக்கொள்கிறாள். ஒரு பெட்டை ஆட்டை வாங்கி மனோகர் அண்ணன் மூலம் அனுப்பினேன். மாலைக்குள் அது எங்கள் கேட்டில் கட்டியிருந்தது. மம்மிதான் பேசிப்பார்த்து, நாலாவது நாள் அது அக்கா கொட்டகைக்குப் போயிற்று. அக்கா அதற்குப் பெயர் வைக்கவில்லையாம்.

ஆடு மேய்க்கும் குச்சி மாமாவிடம் திரும்பிவிட்டது.

வாசற்படியில் உட்கார்ந்தால் தெரு முழுவதும் தெரிகிறது. தெருவுக்கு நான் தெரிகிறேன்.

ஜூலை 13, ஞாயிறு

மழை இரண்டு தரம் நன்றாகப் பெய்தது. பால் கவரில் முளைக்கவைத்த விராலிக் கன்றுகளை இன்று பழைய இடத்தில் நட்டேன். வெந்நீரில் ஊறவைத்த விதையில் பாதிதான் முளைத்தது. அரளியைப் போலவே தண்ணீர் கேட்காது, கோடையிலும் பச்சை போகாது. இலை பிசுபிசுவென்று இருக்கும், ஆடு வாய் வைக்காது, வைத்தாலும் சாகாது. இந்த முறை நாலு இடத்தில் கேட்டுத்தான் வைத்தேன். இடுப்புக்கு மேல் வளர விடப்போவதில்லை. தூசிக்கு எவ்வளவு தடுக்குமோ தடுக்கட்டும்.

மாமாவைப் பற்றி எழுத வேண்டும். எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே இருக்கிறேன்.

சரியாகிவிடும் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் எடுத்தது திரும்பக் கிடைத்துவிடும் என்று. ஆனால் கொஞ்ச நாளாக, விடியற்காலையில் நான் ரயிலுக்குக் கிளம்பும்போது மாமா கேட்டில் நிற்கிறார். ஷிஃப்டுக்கு எழுந்த பழக்கம், எப்போதும் சீக்கிரம் எழுபவர்தான்.

"பாப்பா, இன்னிக்கு நான் ஸ்டேஷன் பக்கம் போறேன். ஞாபகம் வெச்சுக்க."

சாயங்காலம் திரும்பும்போதும் நிற்கிறார். "காலையில எந்தப் பக்கம்னு சொன்னேன்?"

"ஸ்டேஷன் பக்கம் மாமா."

"அதான். அங்கதான் போனேன்." சிரித்துவிட்டுப் போகிறார்.

மறதி எதுவும் இல்லை. மமதா டாக்டரிடம் காட்டிவிட்டாள், அவரும் அதையேதான் சொன்னார். ஞாபகம் இருக்கிறது. அது சரிதானா என்று யாராவது சொன்னால்தான் நம்புகிறார்.

லைனில் இத்தனை பேர் இருக்கிறார்கள். அவர் என்னிடம்தான் வருகிறார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

இன்று தப்பு செய்தேன். ரயிலில் நெரிசல், ஆபீஸில் சண்டை, தலை கனத்துப் போய் வந்தேன். அவர் கேட்டதும் யோசிக்காமல் "ஸ்டேஷன் பக்கம்" என்றேன்.

அவர் முகம் போன போக்கு. "சர்ச்சுக்குப் பின்னாலன்னு சொன்னேன்னு நெனச்சேனே" என்றார், மிக மெதுவாக. சர்ச்சுக்குப் பின்னால்தான். காலையில் சொன்னது உடனே நினைவு வந்தது. "நான்தான் மாத்திச் சொல்லிட்டேன் மாமா, நீங்க சரி" என்று மூன்று முறை சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியவில்லை.

இனி எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 9, சனி

ஸ்டேஷன் பக்கம்.

ஆகஸ்ட் 11, திங்கள்

மைதானத்துப் பக்கம். பெயர் வைக்காத ஆடும் கூடப் போகிறது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

சர்ச்சுக்குப் பின்னால். கேட்டார். சொன்னேன். சரி.